தட்டிப் பார்த்த கல்

இந்த வாரமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாவது வரைக்கும் படித்த கை இது. எழுத்து கோணிக்கொண்டு போகும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கேயோ போய்விடுவேன். மறதி வேறு. காலையில் மாத்திரை போட்டேனா என்பதற்கே டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பத்திரிகையில் இருக்கிற தம்பிதான் என் நோட்டை வாங்கிப்போய்ப் பிழை பார்த்துப் போடுகிறார். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை வாரமாகக் குவாரி வேலையைப் பற்றி எழுதினேன். ஜல்லி உடைத்ததை எழுதினேன். போன வாரம் ஒரு அம்மா கடிதம் போட்டிருந்தார்கள். "உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா? அவர்களைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லையே?" என்று கேட்டிருந்தார்கள்.

இருந்தாள். ஒரே பெண். பெயர் தேவகி.

ரெண்டு நிமிசந்தான்

கார்த்திகை மாதம். புயல் கரையைக் கடந்துவிட்டது என்று சொன்னார்கள். மழை கடக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பிடித்தது, மூச்சுவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. திண்டிவனத்தில் எங்கள் தெரு ஏரிக்குக் கீழே இருக்கிறது. வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. கரண்ட் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. நான் அரிசிப் பானையையும் கேப்பை மாவு டப்பாவையும் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

தேவகிதான். அவள் இருந்தது செஞ்சி பக்கத்தில் ஒரு மலையடிவாரம்.

"ம்மா, சார்ஜ் இல்ல. ரெண்டு நிமிசந்தான், கேளு."

"சொல்லும்மா."

"பின்னால செவுத்துல தண்ணி கசியுது. அந்தக் கல்லு இருக்குதே, அதாண்டயிருந்து செம்மண்ணு கரைஞ்சு வந்துக்கினே இருக்குது. சமையல் ரூம்பு பூரா சேறு. அவுரு ஸ்கூலுக்குப் போயிடலாம்ன்றாரு. அங்க ஜனங்கள தங்க வெக்கிறாங்களாம். பாப்பாவுக்கு நேத்துலேர்ந்து ஜுரம், ஒடம்பு கொதிக்குது. இந்த மழைல எப்பிடித் தூக்கிக்கினு போறது? நீ சொல்லு. கெளம்பட்டுமா, இருக்கட்டுமா?"

அவள் பேசும்போது பின்னால் மழை சிமெண்டு ஷீட்டின்மேல் விழுகிற சத்தம் கேட்டது. என் பேத்தி பாப்பா இருமுவதும் கேட்டது. ஐந்து வயதுக் குழந்தை இருமுகிற இருமலா அது, பெரிய மனுஷி மாதிரி இருந்தது.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதத்தான் நோட்டை எடுத்தேன். எழுத வரவில்லை. அதற்கு முன்னால், அவள் எதற்காக என்னைக் கேட்டாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கு விளங்காது.

என்னைக் கேட்டு யாரும் எதையும் செய்ததில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். பஸ்ஸில் என் ஸ்டாப் தாண்டிப் போனாலும் சத்தம் போட மாட்டேன், அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்து வருவேன். என் கல்யாணத்துக்குக்கூட என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கல் விஷயத்தில் மட்டும்தான் என்னைக் கேட்பார்கள்.

அவருக்கு நான் காது

நான் பிரம்மதேசம் பக்கம் பிறந்தவள். கல்யாணம் ஆகி வந்த பிறகுதான் குவாரியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அங்கே கல் பிளக்கிற வேலை. வெடி வைக்கிற இடத்திலேயே நின்று நின்று அவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் காது போய்விட்டது. முதலில் ஒரு காது, அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ இன்னொன்று.

கல் பிளக்கிறவனுக்குக் காது முக்கியம் என்பது வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. உளி வைக்கிறதற்கு முன்னால் கல்லைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கல் வெண்கலப் பாத்திரம் மாதிரிக் கணீரென்று சொல்லும். உள்ளே வெடிப்பு ஓடியிருந்தால் ஈரப் பானையைத் தட்டின மாதிரி சத்தம் அடங்கிப்போகும். அந்த வெடிப்பை நாங்கள் நரம்பு என்போம். நரம்பு ஓடின கல்லுக்குக் கீழே நின்று வேலை பார்க்கக் கூடாது. எப்போது வாய் பிளக்கும் என்று சொல்ல முடியாது.

காது போன பிறகு அவர் தட்டுவார், என் முகத்தைப் பார்ப்பார். நான் பக்கத்தில் ஜல்லி உடைத்துக்கொண்டிருப்பேன். நல்ல கல் என்றால் கையை விரித்துக் காட்டுவேன். நரம்பு என்றால் மூடிக் காட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

மேஸ்திரி கிண்டல் பண்ணுவார். "இன்னாய்யா, வீட்டம்மா கையெழுத்துப் போட்டாத்தான் கல்ல ஒடப்பியா?" என்பார். மற்ற ஆட்கள் சிரிப்பார்கள். இவருக்குக் கேட்காது. எனக்குத்தான் கேட்கும். முந்தானையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொள்வேன்.

ஒரு நாள் பெரிய கல் ஒன்றுக்கு நான் கையை மூடிக் காட்டினேன். மேஸ்திரி கேட்கவில்லை. "பொம்பள காட்னான்னு ஒரு நாள் வேலைய உடறதா?" என்று ஆட்களை அதன் அடியிலேயே நிற்கவைத்தார். சாப்பாட்டுக்கு எல்லோரும் புளியமரத்தடிக்கு வந்த நேரத்தில் அது இரண்டாக விண்டு விழுந்தது. அடியில் விட்டுவந்த இரும்புச் சட்டி நாலு நசுங்கியது, மனுஷர் யாருக்கும் ஒன்றுமில்லை.

அதற்கப்புறம் சந்தேகமான கல் வந்தால் மேஸ்திரியே, "அந்தம்மாவக் கூப்புடுங்கப்பா" என்பார். நான் போய்த் தட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டுவேன். வாயைத் திறக்க மாட்டேன்.

அந்தக் காலத்தில் தேவகி புளியமரத்துத் தூளியில் கிடந்தாள். கல் சத்தத்தில் தூங்கிய பிள்ளை அது, சத்தம் நின்றால் விழித்துக்கொள்ளும். அப்பாவும் அம்மாவும் கையைக் காட்டிக் காட்டி வேலை பார்த்ததைப் பார்த்தே வளர்ந்தாள். அவள் அப்பா கல் தூசி நெஞ்சில் படிந்து, இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அதை முன்பே ஒரு வாரத்தில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். எழுதவில்லையென்றால் தம்பி சேர்த்துக்கொள்ளட்டும்.

பால் காய்ச்சின அன்றைக்கு

மாப்பிள்ளை சேகர் பெயிண்ட் அடிக்கிற வேலை. நல்ல பிள்ளை. வாடகை வீட்டில் இருந்தவர்கள், மலையடிவாரத்தில் மனை கிடைத்தது என்று சொந்தமாக வீடு கட்டினார்கள். முன்னால் ஒரு ரூம், உள்ளே ஒரு ரூம், பின்னால் சமையல், மேலே சிமெண்டு ஷீட். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமே சாந்து கலந்து, கல் தூக்கிக் கட்டிய சுவர்.

செஞ்சி போகிற வழியில் அந்த மலைகளைப் பார்த்திருப்பீர்கள். யாரோ வண்டியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி குண்டுக்கல்லாகக் குவிந்திருக்கும். அப்படி ஒரு கல் இவர்கள் வீட்டுக்குப் பின்னால், ஏற்றத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு லாரி உயரம் இருக்கும். அதைவிடப் பெரியதாகக்கூட இருக்கலாம், நான் அளந்து பார்க்கவில்லை.

பால் காய்ச்சுகிற அன்றைக்குத்தான் முதன்முதலாக அங்கே போனேன். பால் பொங்கி முடிந்ததும் மாப்பிள்ளை என்னைத் தனியாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அத்தை, நீங்க கொஞ்சம் இதப் பாருங்க. எனக்கு ஒரு மாரியா இருக்குது. படுத்தா தலைமாட்ல யாரோ நிக்கிற மாரியே இருக்குது."

நான் கல்லைச் சுற்றி வந்தேன். சுவர் கட்ட அவர்கள் வாங்கின கொத்தனார் சுத்தி ஒன்று கிடந்தது. அதை எடுத்துத் தட்டினேன்.

எதிர்வீட்டுப் பெண் வேலி ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா பெரிம்மா, கல்லுக்கு ஒடம்பு சரியில்லியா? நாடி புடிக்கிறீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

தேவகி உள்ளே இருந்தே குரல் கொடுத்தாள். "எங்கம்மா கல்லு டாக்டரு. ஊசி கூட போடுவாங்க, இருந்து பாரு."

பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது. சமையல் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து, "ஆயா, நானும் தட்றேன்" என்று அதன் உயரத்துக்கு எட்டின இடத்தில் தட்டியது. "டிங்குன்னுது ஆயா" என்றது.

ஆமாம். டிங்கென்றுதான் சொன்னது. கீழே தட்டினேன், பக்கவாட்டில் தட்டினேன், ஏறி நின்று மேலேயும் தட்டினேன். எங்கே தட்டினாலும் ஒரே சத்தம், கோயில் மணி மாதிரி. என் வயதுக்கு அத்தனை சுத்தமான கல்லை நான் தட்டியதில்லை. உள்ளே ஒரு மயிரிழை நரம்பு கிடையாது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் இருந்திருந்தால் கையை நன்றாக விரித்துக் காட்டியிருப்பேன்.

மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இது ஒடையற கல்லு இல்ல. உங்க பேரப் புள்ளைங்க காலத்துக்கும் இங்கியேதான் ஒக்காந்துக்கினு இருக்கும். பயப்படாம இருங்க."

"நெஜமாவா அத்தை?"

"நான் சொல்றேன் இல்ல."

இந்த வாக்கியத்தை என் ஆயுசில் நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்றேன் இல்ல. எனக்கே புதிதாக இருந்தது. சொன்ன பிறகு கொஞ்சம் கூச்சமாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தேவகி எனக்கு இரண்டாவது தம்ளர் பாயசம் ஊற்றினாள்.

அதற்கப்புறம் அவர்கள் கல்லைப் பற்றிப் பேசவில்லை. அதன்மேல் வடகம் காயவைத்தார்கள். பாப்பா சாக்பீஸால் அதில் பூனை வரைந்திருந்தது.

மேல்மண்

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்குள் இந்தப் பக்கத்தை இரண்டு தடவை கிழித்துவிட்டேன்.

குவாரியில் முதலில் வருவது மண் எடுக்கிற ஆட்கள். மேல்மண்ணை வழித்து, புதர், வேர் எல்லாம் பிடுங்கி, பாறையை மொட்டையாக்கிவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்தில் மண்வெட்டியும் கூடையும், பிறகு மெஷின். அதற்கப்புறம்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் காலை வைக்கும்போது அங்கே மண்ணே இருக்காது. கல்லுக்கு அடியிலும் கல்தான் இருக்கும். கல் விழுந்தால் அது உடைந்துதான் விழ வேண்டும். வேறு மாதிரி விழுந்ததை நான் பார்த்ததில்லை, என் வீட்டுக்காரரும் பார்த்ததில்லை.

தேவகி வீட்டுக்குப் பின்னால் இருந்த கல் செம்மண் மேட்டில் உட்கார்ந்திருந்தது. என் காலே அந்த மண்ணில்தான் நின்றது. செருப்பில் ஒட்டிய மண்ணை வாசலில் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். கல்லைத் தட்டிப் பார்த்தேன். அது எதன்மேல் இருக்கிறது என்று குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு விவசாயி வந்திருந்தால் பார்த்திருப்பான். கிணறு வெட்டுகிறவன் வந்திருந்தால் பார்த்திருப்பான். எதுவுமே தெரியாத ஒருத்தி வந்திருந்தால் பயந்துபோய், "வேற எடம் பாத்துக்குங்க" என்று சொல்லியிருப்பாள்.

நான் சொன்ன பதில்

போனுக்குத் திரும்பி வருகிறேன்.

"கெளம்பட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

நான், "கல்லு அதே எடத்துல தான இருக்குது?" என்றேன்.

"அங்கியேதான் இருக்குது."

"வெடிச்ச மாரி ஏதாவது சத்தம் வந்துச்சா?"

"இந்த மழைல இன்னா கேக்குது? ஒண்ணும் வரலம்மா. மண்ணுதான் கரையுது."

மண் கரைகிறது என்று என் பெண் எனக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவையும் என் காதில் நன்றாக விழுந்தது. காது போனவர் என் வீட்டுக்காரர்தான், நான் இல்லை.

"அப்ப இரு. அது அசையாது. ஜுரத்துல கொழந்தைய மழைல நனைச்சினு போகாத, ஜன்னி கின்னி வந்துடப் போவுது. உள் ரூம்புல போட்டுப் போத்திப் படுக்க வை. மழ உட்டதும் போய்க்கலாம்."

பக்கத்தில் மாப்பிள்ளை குரல் கேட்டது. "அத்தை இன்னா சொல்றாங்க?"

"இருக்கச் சொல்றாங்க."

"மண்ணு வர்றதச் சொன்னியா?"

"சொன்னேன்பா. அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

பிறகு என்னிடம், "சரிம்மா. நீ தண்ணில நிக்காத, காலு வீங்கிடும்" என்றாள். போன் நின்றுவிட்டது. சார்ஜ் தீர்ந்ததா, அவளே வைத்தாளா தெரியாது. அவள் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு என் கால் வீங்கும் என்பதுதான்.

நான் மாடி ஏறினேன்

அரைமணி நேரம் கழித்துப் பக்கத்து மாடி வீட்டுப் பாக்கியம் வந்தாள். முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, கதவை அடித்தாள்.

"அக்கா, ஏரி நெறைஞ்சுடுச்சாம். மேல வா, எங்க ஊட்டுக்கு."

"பரவால்ல பாக்கியம், கட்டில்மேல இருந்துக்கறேன்."

"கட்டிலு இன்னா கப்பலா? ஜல்தி வா. வரலன்னா எங்க ஊட்டுக்காரர உட்டுத் தூக்கிக்கினு போகச் சொல்வேன், அப்புறம் வெக்கமா இருக்குதுன்னு சொல்லாத."

அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நான் போனேன். பாக்கியம் சூடாக டீ கொடுத்தாள், போர்த்திக்கொள்ள ஜமுக்காளம் கொடுத்தாள். ஜன்னல் வழியாக என் வீட்டுக்குள் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் பெண்ணை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, நான் என் வீட்டை விட்டு வெளியேறி மேட்டில் ஏறிக்கொண்டேன். அந்த டீயை நான் குடித்துக்கொண்டிருந்த நேரமாகத்தான் இருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு என்று சொன்னார்கள்.

ஒரு கீறல் இல்லை

மறுநாள் காலையில்தான் பாக்கியம் வீட்டுக்காரர் போனுக்குச் சிக்னல் வந்தது. மாப்பிள்ளை கூப்பிட்டார். "அத்தை, வாங்க" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழியிலேயே செத்திருப்பேன்.

பஸ் ஓடவில்லை. பாக்கியம் வீட்டுக்காரர் ஒரு பால் வண்டியைப் பிடித்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். ரோடு எது, வயல் எது என்று தெரியவில்லை. வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் காடெல்லாம் குளமாக இருந்தது. செடியின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. டிரைவர் வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். அவர் நல்லதுக்குத்தான் பேசினார்.

அங்கே போனபோது வழியை மறித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். கூட்டம். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். யாரோ, "அம்மாக்காரிப்பா, வழி உடுங்க" என்று என்னை முன்னால் தள்ளினார்கள்.

வீடு இருந்த இடத்தில் கல் உட்கார்ந்திருந்தது.

அது உடையவில்லை. ஒரு மூலைகூடப் பெயரவில்லை. அத்தனை தூரம் உருண்டு வந்து, சுவரைத் தள்ளி, சிமெண்டு ஷீட்டை அப்பளமாக நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்த கல்லில் ஒரு கீறல் இல்லை. நான் சொன்னது சரிதான். பேரப் பிள்ளைகள் காலத்துக்கும் உடையாத கல்தான். மேட்டில் அது இருந்த இடம் சிவப்பாக ஒரு பள்ளம், அதிலிருந்து தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. புண்ணைப் பிய்த்த மாதிரி இருந்தது.

கல்லை உடைத்தால்தான் அடியில் போக முடியும் என்றார்கள். மெஷின் அந்தச் சந்துக்குள் வரவில்லை. கையால் பிடித்துத் துளை போடுகிற டிரில்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கூட்டத்தைப் பார்த்து, "கல்லு வேலை தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? எந்தப் பக்கம் புடிச்சா ஜல்தி பொளக்கும்?" என்று சத்தம் போட்டுக் கேட்டார்.

எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்திலேயே அந்தக் கல்லைத் தட்டிப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்வது? எந்தப் பக்கம் பிடித்தாலும் அது பிளக்காது, உள்ளே நரம்பே இல்லை என்று சொல்லவா?

அன்றைக்கு முழுக்க உடைத்தார்கள். மறுநாளும் உடைத்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அது கணீரென்று சொன்னது. நான் பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன், அவர்கள் வந்து தங்கியிருக்க வேண்டிய பள்ளிக்கூடத்தில். யாரோ சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். அந்தச் சத்தம் அடங்கிவிடாதா, ஒரு தடவையாவது ஈரப் பானை மாதிரிக் கேட்காதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. கெட்ட கல்லாக இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் பிளந்து எடுத்திருப்பார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் தேவகியையும் பாப்பாவையும் எடுத்தார்கள். துணி சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். என்னைக் கிட்டே விடவில்லை. அங்கிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மறுபடி கொண்டுவந்தார்கள். அதற்குள் மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை

மாப்பிள்ளை எப்படித் தப்பித்தார் என்று கேட்பீர்கள். ஜுரத்துக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். அவர் கிளம்பலாம் என்றார், தேவகி, "அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். அப்படியானால் மருந்தாவது வாங்கிவருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கடைகளெல்லாம் மூடியிருந்தது. ஒரு கடைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து திறக்கவைத்து, மருந்து பாட்டிலோடு திரும்பியபோது தெருமுனையில் ஜனங்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்களாம். இவையெல்லாம் அவர் வேறு யாரிடமோ சொல்லி, அவர்கள் என்னிடம் சொன்னது.

சாவு வீட்டில் எல்லோரும் அவரைக் கேட்டார்கள். அவருடைய சித்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்டாள். "ஊரே ஸ்கூலுக்குப் போச்சேடா, நீங்க ஏன்டா போகல? யாருடா உங்களப் போக வேணாம்னு சொன்னது?"

நான் பெண்களுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் அந்தச் சித்தி என் தலைமயிரைப் பிடித்திருப்பாள். பிடிக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "கொழந்தைக்கு ஜுரம் சித்தி. கெளம்ப முடில" என்றார்.

அதோடு சரி. இன்றுவரைக்கும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் பேசுவதில்லை. கருமாதிக்கு அப்புறம் நான் நாலைந்து தடவை போன் பண்ணினேன். எடுக்கவில்லை. இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாராம். ஒரு தடவை திட்டியிருக்கலாம். "நீங்கதான அத்தை சொன்னீங்க" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்கு நான் யாரிடம் போய்ப் பதில் சொல்வது?

அதனால்தான் இங்கே எழுதினேன். படிக்கிறவர்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி. சித்தியம்மா இதைப் படித்தால், அன்றைக்கு நீங்கள் கேட்டீர்களே, யார் சொன்னது என்று, அது நான்தான்.

ஆறுதல் சொல்லி யாரும் கடிதம் போட வேண்டாம். மழைக்கு நீ என்ன செய்வாய், மலைக்கு நீ என்ன செய்வாய் என்று பாக்கியம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். மழையும் மலையும் என் பெண்ணிடம் போனில் பேசவில்லை.

சரிபார்க்க வேண்டியது

இதில் எத்தனையோ தப்பு இருக்கும். மழை எத்தனை நாள் பெய்தது, கல் எவ்வளவு பெரிது, நாலு மணியா ஐந்து மணியா, எனக்கு நிச்சயமில்லை. தம்பி விசாரித்துத் திருத்திக்கொள்ளட்டும். திருத்தாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஒன்றை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கூட்டத்தில் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். உள் ரூமில், பாப்பாவை அணைத்துப் படுத்த மேனிக்குக் கிடந்தாள் என்று ஒருத்தர் சொன்னார். இல்லை, முன் வாசற்படியாண்ட, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, துணிப்பையோடு கிடந்தாள் என்று இன்னொருத்தர் சொன்னார். இரண்டு பேரும் யாரென்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்குத் தெரியும். கல்லை உடைத்து எடுத்தவர்களுக்குத் தெரியும். அவர்களில் யாராவது இதைப் படித்தால் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடுங்கள்.

உள் ரூமில் என்றால், நான் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறாள். என் மனசில் அப்படித்தான் இருக்கிறது. வாசற்படியில் என்றால், கடைசியில் என் பேச்சை மீறிக் கிளம்பியிருக்கிறாள். வாசற்படியில்தான் என்று யாராவது எழுதுங்கள்.